எச்.ஐ.வி: எது வழி, எது வழியல்ல

"அண்ணே, வெங்காயம் நறுக்கும்போது அவன் கையை வெட்டிக்கிட்டா என்ன பண்றது?"

மெஸ் நடத்தும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் கடையில் காய் நறுக்கும் பையன் தினமும் ராத்திரி ஒரு மாத்திரை போடுகிறான். அதை யாரோ கவனித்து, "அது ஏ.ஆர்.டி. மாத்திரை, எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிறது" என்று அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பையன் கையில் கத்தி இல்லை, மேசை துடைக்கிறான். அவனுக்கென்று ஒரு டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். தம்பி மனசு கெட்டவர் இல்லை. பையனை அனுப்பவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் பயம். இரண்டு டீ சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் பேசியதையும், பேச நேரம் இல்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே பயம் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு கேள்வியாக வருகிறது. கொசு கடித்தால் வருமா, சலூன் கத்தியில் வருமா, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால் வருமா என்று கேட்காதவர்கள் குறைவு.

கைகுலுக்கினால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது என்று சுவரெல்லாம் படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரத்தைத் தமிழ்நாட்டில் மறந்தவர்கள் உண்டா? ஆக, பட்டியல் நமக்குத் தெரியும். ஏன் வராது என்பதுதான் தெரியாது. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த பட்டியல், பக்கத்திலேயே ஒருவருக்குத் தொற்று என்று தெரியவரும் நாளில் கைகொடுப்பதில்லை. "எதுக்கும் தள்ளியே இருப்போம்" என்று மனம் சொல்லிவிடுகிறது.

அதனால் பட்டியலை ஒதுக்கிவிட்டு மூன்று கேள்விகளைக் கையில் எடுத்துக்கொள்வோம். வைரஸ் எந்தத் திரவத்தில் வருகிறது? தொற்றும் சக்தியோடு வருகிறதா? உடம்புக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறது? இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால்தான் தொற்று. ஒன்று விடுபட்டாலும் தொற்று இல்லை.

முதல் கேள்வி, திரவம். எச்.ஐ.வி. நம் ரத்த வெள்ளணுக்களில் சி.டி.4 என்ற அடையாளம் கொண்ட அணுக்களுக்குள் புகுந்து பெருகும் வைரஸ். வேறு இடத்தில் அதற்குப் பிழைப்பு இல்லை. அடுத்தவருக்குத் தொற்றும் அளவுக்கு அது இருக்கும் திரவங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ரத்தம், விந்தும் அதற்கு முன்னால் கசியும் திரவமும், பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாயின் உட்புறக் கசிவு, தாய்ப்பால். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர், மலம், சளி ஆகியவற்றில் ரத்தம் கலக்காதவரை தொற்று பரவுவதில்லை. எச்சிலில் இந்த வைரஸைத் தடுக்கும் பொருட்களும் இருக்கின்றன.

இரண்டாவது கேள்வி, சக்தி. இந்த வைரஸின் வெளிப்புறம் மெல்லிய கொழுப்புப் படலம். காற்றில் உலர்ந்தால் அது சிதைகிறது, சூட்டில் சிதைகிறது, சோப்பு பட்டாலும் சிதைகிறது. நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவான வைரஸ் கரைசலை ஆய்வகத்தில் உலரவிட்டுப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே 90 முதல் 99 சதவீதம் வரை செயலிழந்துபோனது. மேசையில் காய்ந்த ஒரு துளி ரத்தத்தால் யாருக்கும் தொற்று வருவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஆனால் காற்றுப் படாமல் ஊசிக் குழாய்க்குள் தங்கிய ரத்தத்தின் கதை வேறு. அதில் வைரஸ் 42 நாள் வரைகூடத் தாக்குப்பிடித்திருக்கிறது. ஒரே வைரஸ்தான். மேசையில் கிடக்கும்போது செத்துப்போவது ஊசிக்குள் பிழைத்திருக்கிறது.

மூன்றாவது கேள்வி, வாசல். புண்ணில்லாத தோலை இந்த வைரஸால் துளைக்க முடியாது. பெண்ணுறுப்பின் உட்புறம், ஆசனவாயின் உட்புறம், ஆணுறுப்பின் முன்தோலின் உட்பக்கம், சிறுநீர்த் துவாரம் போன்ற ஈரமான சவ்வுகள் வழியாகப் போகலாம். ஊசியோ ரத்தம் ஏற்றும் குழாயோ நேரடியாக ரத்தத்தில் கொண்டுபோய் விடலாம். ஆறாத, ரத்தம் கசியும் புண்ணில் இன்னொருவரின் ரத்தம் பட்டால் ஓரளவு வாய்ப்பு உண்டு. இதற்கு அப்பால் வாசல் இல்லை.

இனி அந்த வெங்காயத்துக்கு வருவோம். பையன் விரலை வெட்டிக்கொண்டான், துளி ரத்தம் வெங்காயத்தில் பட்டது என்றே வைத்துக்கொள்வோம். திரவம் சரிதான், ரத்தம். ஆனால் அந்தத் துளி காற்றுப் பட்டுக் கிடக்கிறது, பிறகு கொதிக்கும் எண்ணெயில் விழுகிறது. சக்தி போய்விட்டது. சட்னிக்குப் பச்சையாகவே போட்டாலும், சாப்பிடுகிறவரின் எச்சிலையும் வயிற்று அமிலத்தையும் அது தாண்ட வேண்டும். மூன்று கேள்வியில் இரண்டில் தோற்றுவிட்டது. சமைத்தவருக்கு எச்.ஐ.வி. இருந்ததால் சாப்பிட்டவருக்கு வந்தது என்று மருத்துவ உலகம் அறிந்த ஒரு சம்பவமும் இல்லை. உணவோடு தொடர்புடையதாக அறியப்பட்ட ஒரே வழி, தொற்று உள்ளவர் தன் வாயில் மென்ற உணவைக் கைக்குழந்தைக்கு ஊட்டியது. ஈறிலிருந்து கசிந்த ரத்தம் அதில் கலந்திருந்தது. அதுவும் மிக அரிது.

"இருந்தாலும் ரத்தம் பட்ட வெங்காயத்தை எப்படிண்ணே..." என்று இழுத்தார் தம்பி. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். யார் விரல் வெட்டுப்பட்டாலும் அதைத்தான் செய்யவேண்டும். கையைக் கழுவி, கட்டுப்போட்டு, பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவி, வெங்காயத்தை வீசிவிடுங்கள். இது சமையலறைச் சுத்தம். எச்.ஐ.வி.க்கென்று தனி விதி கிடையாது.

தனி டம்ளர் விஷயத்துக்கு ஆதாரம் கேட்டால், 40 ஆண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. நியூயார்க்கில் மருத்துவர்கள் எய்ட்ஸ் நோயாளிகள் 39 பேரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரைப் பரிசோதித்தார்கள். அப்போது நோய்க்கு மருந்தே கிடையாது. வீட்டில் என்ன தொற்று என்று தெரிவதற்கு முன்பே மாதக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தவர்கள். தட்டு, டம்ளர், துண்டு, படுக்கை, கழிப்பறை எல்லாம் பொது. சில வீடுகளில் ஷேவிங் பிளேடும் பல் துலக்கும் பிரஷும்கூடப் பொது. 101 பேரில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் தொற்று இருந்தது. அதுவும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும் என்பதே மருத்துவர்களின் முடிவு. ஆய்வு 1986-இல் வெளியானது. அதே வைரஸோடு ஒரே கூரையின் கீழ், மருந்தும் இல்லாமல், எச்சரிக்கையும் இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கே டம்ளரால் வரவில்லை.

"அப்போ கொசு? அது ரத்தத்தைத்தானே குடிக்குது?" நியாயமான கேள்வி. மலேரியாவும் டெங்குவும் கொசுவால் வரும்போது இது மட்டும் ஏன் வராது?

கொசுவின் வாய்க்குள்ளே இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. ஒன்றின் வழியாகத் தன் எச்சிலை நம் தோலுக்குள் விடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்கவே அது. மற்றதன் வழியாக ரத்தத்தை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ரத்தம் வயிற்றுக்குப் போகிறது, அடுத்த ஆளுக்குள் திரும்ப ஏறுவதில்லை. டெங்கு வைரஸ் கொசுவின் உடம்புக்குள் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் அடுத்தவருக்குப் போகிறது. எச்.ஐ.வி.க்கு வேண்டிய சி.டி.4 அணு கொசுவிடம் இல்லை. அதனால் பெருக வழியில்லை, கொசுவின் வயிற்றிலேயே செரித்துப்போகிறது. கொசு வாயில் ஒட்டிய துளியைப் பற்றிக் கேட்டால், அதில் இருக்கும் ரத்தம் ஒரு தொற்றுக்குப் போதாது.

இதற்கும் ஊர் சாட்சி உண்டு. 1980-களின் நடுவில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெல் கிளேட் என்ற ஊரில் எய்ட்ஸ் மிக அதிகமாக இருந்தது. கொசு மண்டிய ஊர். கொசுதான் காரணம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அரசு நோய்த் தடுப்புத் துறையினர் போய் ஆராய்ந்தார்கள். தொற்று இருந்தவர்கள் இளம் வயதினரும் நடுவயதினரும். சிறுவர்களிடமும் முதியவர்களிடமும் இல்லை. கொசுவுக்கு வயது வித்தியாசம் தெரியுமா? குழந்தையையும் கிழவரையும் விட்டுவிட்டு இடைப்பட்ட வயதினரை மட்டும் தேடித் தேடிக் கடிக்குமா? காரணம் உடலுறவும் பகிர்ந்துகொண்ட ஊசியும் என்று தெளிவாயிற்று.

கழிப்பறை இருக்கை, நீச்சல்குளம், இருமல், தும்மல், பேருந்துக் கம்பி, ஒரே சோப்பு, கன்னத்தில் முத்தம் எல்லாவற்றையும் அந்த மூன்று கேள்விகளில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒன்றுகூடத் தேறாது. சலூனில் புது பிளேடு கேட்பது நல்ல பழக்கம். ஆனால் முக்கியமாக மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்காகக் கேளுங்கள். அது எச்.ஐ.வி.யைவிட எளிதாகத் தொற்றும், உலர்ந்த ரத்தத்திலும் பல நாள் தாங்கும். பச்சை குத்துகிற இடத்திலும், காது குத்துகிற இடத்திலும் ஊசி புதியதா என்று கட்டாயம் பாருங்கள்.

இனி வருகிற வழிகள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். டம்ளரைப் பார்த்துப் பயந்த நேரத்தில் நாம் பார்க்காமல் விட்ட இடங்கள் இவைதான்.

தொற்று உள்ள, மருந்து எடுக்காத ஒருவரின் ரத்தத்தை ஏற்றினால், பத்தாயிரத்தில் 9,250 முறை தொற்று வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய நிச்சயம். அதனால்தான் ரத்த வங்கியில் ஒவ்வொரு பையையும் சோதிக்கிறார்கள். காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறார்கள். ரத்தம் கொடுப்பவருக்கு இதனால் எந்த ஆபத்தும் இல்லை. ஊசி புதியது, உங்களிடமிருந்து ரத்தம் வெளியே வருகிறது, உள்ளே எதுவும் போவதில்லை. பயந்து ரத்த தானத்தை நிறுத்தியவர்கள் தாராளமாகத் திரும்பக் கொடுக்கலாம்.

போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டால் பத்தாயிரத்தில் 63. செவிலியர் கையில் ஊசி குத்திவிட்டால் பத்தாயிரத்தில் 23. உடலுறவில், ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழியாகப் பெறுபவருக்கு 138. அங்கே உட்சவ்வு ஒற்றை அடுக்கு, எளிதில் கிழியும். பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. வாய்வழி உறவில் மிக மிகக் குறைவு.

இந்த எண்களைப் பார்த்து, "பத்தாயிரத்துல எட்டுதானே" என்று யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இது ஒரு முறைக்கான சராசரி. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் கட்டுக்கடங்காமல் இருக்கும். அப்போது இந்த எண் பல மடங்கு ஏறும். அந்தரங்க உறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தாலும் ஏறும். கணவன் மனைவிக்குள் வருடக்கணக்கில் நடக்கும் உறவில் அந்தச் சிறிய எண் கூடிக்கொண்டே போகும். கணவனைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு நம் நாட்டில் தொற்று வந்தது இப்படித்தான். நல்லவருக்கு வராது, கெட்டவருக்கு வரும் என்ற கணக்கு இந்த வைரஸிடம் இல்லை. சரியாகப் போட்ட ஆணுறை அந்த வாசலை அடைக்கிறது, அவ்வளவுதான் வைரஸுக்குத் தெரியும்.

ஒழுக்கத்தோடு போட்டு இதைக் குழப்பிக்கொண்டது நம் ஊரிலும் ஆரம்பத்திலிருந்தே நடந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளியானது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில், அவர் மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். சேமித்துவைக்க வசதி இல்லாததால் பிரித்தெடுத்த சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, பிறகு வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்குதான் தொற்று உறுதியானது. எச்.ஐ.வி. உள்ள மாதிரிகள் ஒரு குடும்பத்து ஃபிரிட்ஜில் இருந்திருக்கின்றன. மூடிய குழாயிலிருந்து யார் உடம்புக்கும் வாசல் இல்லாதவரை, அதனால் யாருக்கும் ஒன்றும் வரப்போவதில்லை. அது தெரிந்துதான் அந்த மருத்துவர்கள் வேலை செய்தார்கள். வெளியே இருந்த நாடு மட்டும், இது யாரோ சில பெண்களின் நோய் என்று முடிவுகட்டிக்கொண்டது. அப்படி நினைத்தவர்கள் தங்களைப் பரிசோதித்துக்கொள்ளவே இல்லை.

தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது நான்காவது வழி. கர்ப்பத்திலும், பிரசவத்திலும், தாய்ப்பாலிலும் போகலாம். எதுவும் செய்யாமல் விட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கு வரும். தாய் கர்ப்பத்திலேயே மருந்தைத் தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்டு, குழந்தைக்கும் பிறந்ததும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி. சோதனையும் சேர்த்துச் செய்வது இதற்காகத்தான். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா, அந்தச் சோதனை குழந்தைக்காக.

தம்பியிடம் நான் அழுத்திச் சொன்னது இதற்கடுத்த விஷயம். பையன் தினமும் போடுகிற அந்த மாத்திரைதான் அவர் கடையிலேயே மிகப் பெரிய பாதுகாப்பு.

கூட்டு மருந்துகள் வைரஸ் பெருகுவதை நிறுத்துகின்றன. தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் அளவு சோதனையில் அகப்படாத நிலைக்கு இறங்கிவிடும். உடம்பை விட்டு முழுசாகப் போகாது, மருந்தை நிறுத்தினால் மறுபடி ஏறும். ஆனால் இறங்கியிருக்கும்வரை உடலுறவின் மூலம் அடுத்தவருக்குப் போவதில்லை.

இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் கவனித்த ஆய்வு ஒன்று நடந்தது. அதில் சென்னையும் புனேயும் இருந்தன. பாதிப் பேருக்கு மருந்தை உடனே தொடங்கினார்கள், மீதிப் பேருக்கு அன்றைய வழக்கப்படி உடம்பு கொஞ்சம் இறங்கிய பிறகு. 2011-இல் கணக்கெடுத்தபோது, துணையிடமிருந்தே வந்ததாக உறுதியான 28 தொற்றுகளில் 27, மருந்து தாமதமான பிரிவில் இருந்தது. பிறகு ஐரோப்பாவில் பார்ட்னர் என்ற பெயரில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. மருந்தால் வைரஸ் அளவு ஒரு மில்லி ரத்தத்தில் 200-க்கும் கீழே இருந்தவர்கள், துணையோடு ஆணுறை இல்லாமல் உறவுகொண்டதைப் பல்லாயிரக்கணக்கில் கணக்கெடுத்தார்கள். துணையிடமிருந்து வந்த தொற்று, பூஜ்யம். ஊசியைப் பகிர்வதற்கும் ரத்தம் கொடுப்பதற்கும் இந்த விலக்கு பொருந்தாது. தாய்ப்பாலில் ஆபத்து வெகுவாகக் குறையும், பூஜ்யம் ஆகாது.

அப்படியானால் ஆபத்து யாரிடம் இருக்கிறது? தனக்கு இருப்பது தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறவரிடம் அல்ல. இருப்பதே தெரியாமல், சோதனைக்கும் போகாமல், நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரிடம். தொற்று வந்த பிறகு எட்டுப் பத்து வருடம்கூட வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். முகத்தைப் பார்த்தோ உடம்பைப் பார்த்தோ யாரும் கண்டுபிடிக்க முடியாது. தனி டம்ளர் வைக்கும் வழக்கம், தெரிந்து மருந்து எடுப்பவரை ஓரம்கட்டிவிட்டு, தெரியாமல் இருப்பவரைச் சோதனைக்கே போகவிடாமல் பயமுறுத்துகிறது. தனி டம்ளர் இந்த மண்ணில் யாருக்கெல்லாம் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். டீக்கடையில் அது சாதியைக் காத்தது, யாருடைய உடம்பையும் காக்கவில்லை. இந்த டம்ளரும் அப்படித்தான்.

சட்டமும் பையன் பக்கம்தான். 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்புக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி, தொற்று இருக்கிறது என்பதை மட்டும் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து எடுக்க முடியாது. பள்ளியிலும், ஆஸ்பத்திரியிலும், வாடகை வீட்டிலும் ஒதுக்க முடியாது. ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதும் குற்றம். "நீங்க செய்ய வேண்டியது மூணுதான் தம்பி. கத்தியைத் திருப்பிக் கொடுங்க. வேற யார்கிட்டேயும் இதைப் பேசாதீங்க. மாசத்துக்கு ஒருநாள் லீவு கேட்டா, மாத்திரை வாங்கப் போறான்னு புரிஞ்சுக்கிட்டுக் குடுங்க, ஏன்னு கேக்காதீங்க" என்றேன். தலையாட்டினார்.

கடைசியாக, உங்களுக்கான விஷயம். ஊசி குத்திவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது, பாலியல் வன்முறைக்கு ஆளாகிவிட்டார் என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். ராத்திரி என்றாலும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பழைய சந்தேகம் என்றால் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. சோதனைக்குக் காசில்லை, முடிவை அடுத்தவரிடம் சொல்ல மாட்டார்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாக நாளாகும். விரலில் குத்திச் செய்யும் சோதனை எல்லோரிடமும் சரியாகக் காட்டுவதற்கு மூன்று மாதம் வரை ஆகலாம். போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் "இல்லை" என்று வந்தால் அது முடிவு ஆகாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். "இருக்கிறது" என்று சொல்வதற்கு முன் மூன்று வேறு வேறு சோதனைகளால் உறுதிசெய்கிறார்கள். நேரில் போகத் தயங்கினால் 1097 என்ற இலவச எண்ணில் முதலில் பேசுங்கள்.

திருமணம் ஆனவரோ ஆகாதவரோ, வாழ்க்கையில் ஒரு முறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இருக்கிறது என்று வந்தால் தாமதிக்காமல் மாத்திரையைத் தொடங்குங்கள். அடுத்தவருக்குப் போகும் வழியை அடைக்க இதைவிட உறுதியான காரியம் வேறு இல்லை. அதைச் செய்கிறவரோடு ஒரே தட்டில் சாப்பிடுங்கள்.